வண்ணமகளுக்கு நேர்ந்த இடர்: தென்னாட்டு முதல் ஊமைப்படத்தின் வரலாறு

ஊமைப்படக் காலத்தில் மக்களைத் திரள்திரளாகக் கொட்டகைக்கு இழுத்த கதைகளுள் ஒன்று எல்லா நாட்டிற்கும் பொதுவானது. எளியவர் ஒருவர் இடரில் சிக்குகிறார். நேரம் குறைந்துகொண்டே வருகிறது. முடிவில் காப்பவர் வந்து மீட்கிறார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இக்கதையைப் பலவாறு சொல்லிச் சொல்லியே படக்கலை வளர்ந்தது. தென்னிந்தியாவில் முதன்முதல் எடுக்கப்பட்ட கதைப்படமும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் பெயர் ‘கீசக வதம்’. சென்னையில் உருவான அப்படம் பர்மா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும், அந்நாளில் சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், பகாங் என்னும் நான்கும் சேர்ந்திருந்த ஐக்கிய மலாய் நாடுகளிலும் காட்டப்பட்டது. ஆகவே அதன் வரலாறு தமிழகத்தின் வரலாறு மட்டுமன்று. கடல் கடந்து வந்து இரப்பர்க் காடுகளில் உழைத்த தமிழரின் வரலாற்றோடும் தொடர்புடையது.

மேனாட்டு மீட்புக் கதைகள்

1905இல் இங்கிலாந்தில் செசில் ஹெப்வொர்த் என்பார் ‘ரோவர் மீட்ட குழந்தை’ எனத்தக்க ஒரு சிறு படத்தை வெளியிட்டார். பிச்சைக்காரி ஒருத்தி செல்வர் வீட்டுக் குழந்தையைத் திருடிச் செல்கிறாள். வீட்டு நாய் மோப்பம் பிடித்து, ஆற்றை நீந்திக் கடந்து, குழந்தையைக் கண்டுபிடித்துத் தந்தையை அழைத்து வருகிறது. ஏழு நிமிடங்கூட ஓடாத அப்படத்திற்கு இருந்த கிராக்கியினால் மூலச்சுருள் தேய்ந்து போயிற்று. அதே கதையை மீண்டும் இருமுறை எடுக்க வேண்டியதாயிற்று. 1909இல் அமெரிக்காவில் கிரிபித் என்பார் ‘தனித்த மாளிகை’ என்ற படத்தை எடுத்தார். தந்தை வெளியே சென்றிருக்கையில் திருடர் வீட்டை உடைக்கின்றனர். தாயும் பெண் மக்களும் கதவை அடைத்துக்கொண்டு தவிக்கின்றனர். தொலைபேசியில் செய்தி கேட்ட தந்தை விரைந்து வருகிறார். உள்ளே தவிப்பவரையும் வெளியே விரைபவரையும் மாறிமாறிக் காட்டி, பார்ப்போரின் நெஞ்சைத் துடிக்கவைக்கும் முறையை அவர் திறம்படக் கையாண்டார். 1914இல் வெளிவந்த ‘பாலினின் இடர்கள்’ போன்ற தொடர்படங்கள் இம்முறையை வாரந்தோறும் நீட்டிக்கொண்டே சென்றன.

இக்கதைகளுக்கெல்லாம் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இடர் வெளியிலிருந்து வருகிறது. வீடு நல்லது, தெரு தீயது. திருடனோ நாடோடியோ பிச்சைக்காரியோ வீட்டின் அமைதியைக் குலைக்கிறார். தந்தை, காவலர், சட்டம் ஆகிய அனைத்தும் பாதிக்கப்பட்டவர் பக்கமே நிற்கின்றன. உதவி உரிய நேரத்தில் வந்து சேருமா என்பது ஒன்றே கேள்வி. தென்னாட்டுப் படத்தின் கதை இதற்கு நேர்மாறானது என்பதைப் பின்னர்க் காணலாம்.

மோட்டார் வணிகர் படமெடுத்த கதை

கீசக வதத்தை எடுத்தவர் ஆர். நடராச முதலியார். 1885இல் வேலூரில் பிறந்தவர். சென்னையில் மிதிவண்டி வணிகத்தில் தொடங்கி, மோட்டார் வண்டிகளையும் அவற்றின் உதிரிப் பாகங்களையும் விற்று வந்தவர். தாதாசாகிப் பால்கே 1913இல் வெளியிட்ட ‘ராஜா அரிச்சந்திரா’வும் அவருடைய பிற படங்களும் நடராச முதலியாரின் உள்ளத்தில் ஆசையை மூட்டின. வாணிகத்தை விட்டுப் படப்பிடிப்பைக் கற்கத் துணிந்தார். கர்சான் பிரபுவைப் பற்றிய படப்பிடிப்பில் ஈடுபட்டிருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் பூனாவில் அவர் பயிற்சி பெற்றதாகக் கூறுவர்.

சென்னைக்குத் திரும்பி, ‘இந்தியா பிலிம் கம்பெனி’ என்ற பெயரில் நிறுவனம் தொடங்கி, புரசைவாக்கத்தை அடுத்த மில்லர் சாலையில் ஒரு பங்களாவைப் படப்பிடிப்பு நிலையமாக்கினார். மின்விளக்கு வெளிச்சத்தில் படமெடுக்கும் வசதி அங்கில்லை, சூரியனே விளக்கு. நேர்வெயில் நடிகர் முகத்தில் விழாதபடி மேலே வெள்ளைத் துணி கட்டி ஒளியை வடிகட்டினர். படப்பெட்டி கையால் சுழற்றப்படுவது; சுழற்றும் வேகம் தவறினால் திரையில் மனிதர் ஓடுவர் அல்லது தவழ்வர். படச்சுருளைக் கழுவுவதற்குச் சென்னையின் வெப்பம் ஒவ்வாது என்பதனால் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். சென்னையில் எடுத்ததைப் பெங்களூர் கொண்டு சென்று கழுவிப் பார்த்த பின்னரே எடுத்தது தேறியதா இல்லையா என்பது தெரியவரும்.

இவ்வாறு 35 நாட்களில் சுமார் 6,000 அடி நீளமுள்ள படம் முடிந்தது. ஓர் அடிக்கு 16 கட்டங்கள். நொடிக்கு 16 கட்டங்கள் ஓட்டுவது அந்நாளைய வழக்கம். அக்கணக்கில் படம் ஏறத்தாழ 100 நிமிடம் ஓடியிருக்கும். செலவு ரூ. 35,000 என்பர். நாடக மேடையில் பழகிய ராஜு முதலியார் கீசகனாகவும், ஜீவரத்தினம் திரௌபதியாகவும் நடித்தனர். வழக்கறிஞரும் சுகுண விலாச சபை நடிகருமான ரங்கவடிவேலு கதையமைப்பில் துணை நின்றார். ரவிவர்மாவின் ஓவியங்கள் காட்சியமைப்புக்கு வழிகாட்டின.

படம் வெளியான ஆண்டு 1916 என்பாரும் 1917 என்பாரும் 1918 என்பாரும் உளர். படத்தின் இந்தி வாசகங்களைக் காந்தியடிகளின் மைந்தர் தேவதாஸ் காந்தி எழுதினார் என்று சொல்லப்படுகிறது. இந்தி கற்பிப்பதற்காக அவர் சென்னைக்கு வந்த ஆண்டு 1918. ஆகவே அச்செய்தி மெய்யாயின், இந்தி வாசகம் தாங்கிய பிரதியேனும் 1918க்கு முற்பட்டதாக இருத்தல் அரிது.

உறவினரின் தயக்கம்

கதையைத் தெரிவு செய்த செய்தி கருதத்தக்கது. நாடகத் தந்தை எனப் போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியாரே திரௌபதி–கீசகன் கதையை எடுத்துரைத்தார் என்பர். நடராச முதலியாரின் உறவினர் சிலருக்கு அது உவப்பாக இல்லை. முதன்முதலாகத் தொடங்கும் தொழிலுக்கு இப்படியொரு கதையா என்று தயங்கினர். தெய்வத் திருமணமோ திருவிளையாடலோ மங்கலமாக இருக்கும். பிறன் மனைவியை விழைந்தவன் இருட்டறையில் கொலையுண்ட கதை மங்கலமாகுமா என்பது இயல்பான ஐயமே. நண்பர்கள் ஊக்கமூட்ட, அவர் துணிந்து எடுத்தார்.

எனினும் தமிழ் மக்களுக்கு இக்கதை புதியதன்று. வில்லிபுத்தூராழ்வாரின் பாரதத்தில் கீசகன் வதை தனிச் சருக்கமாகவே அமைந்துள்ளது. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில்தோறும் பாரதம் படிப்பதும் கூத்து ஆடுவதும் வழக்கம். விராட பருவம் படித்தால் மழை பெய்யும் என்ற நம்பிக்கையும் நாட்டில் உண்டு. வேலூரில் பிறந்த ஒருவர் இக்கதையைத் திரையில் காட்டத் துணிந்ததில் வியப்பில்லை. எழுத்தறியாதவரும் படத்தைப் பார்த்தவுடன் கதையைப் புரிந்துகொள்வர் என்பது ஊமைப்படத்திற்குப் பெரிய வசதியாகும்.

காக்க வேண்டியவர் கைவிட்ட கதை

பாண்டவர் பன்னிரண்டு ஆண்டு வனவாசம் முடித்து, பதின்மூன்றாம் ஆண்டில் விராட மன்னன் அரண்மனையில் உருமாறி வாழ்கின்றனர். தருமன் அரசனோடு சூதாடும் துணைவன். வீமன் மடைப்பள்ளியில் சமையற்காரன். அருச்சுனன் ஆடல் ஆசிரியன். நகுலன் குதிரை காப்பவன். சகதேவன் ஆநிரை மேய்ப்பவன். திரௌபதியோ அரசி சுதேட்டிணைக்குக் கூந்தல் முடித்து ஒப்பனை செய்யும் வண்ணமகள். அடையாளம் வெளிப்பட்டால் மீண்டும் பன்னிரண்டு ஆண்டு காடு செல்ல வேண்டும்.

அரசியின் தம்பி கீசகன், படைத்தலைவனும் அவனே. அவன் வண்ணமகள்மேல் மையல் கொள்கிறான். அவள் மறுக்கிறாள். தமக்கையே தம்பிக்கு உதவ முன்வந்து, மது கொண்டுவரும் சாக்கில் அவளை அவன் மனைக்கு அனுப்புகிறாள். அங்கிருந்து தப்பியோடி அரசவையில் அடைக்கலம் புகுந்தவளைக் கீசகன் பின்தொடர்ந்து வந்து அனைவர் முன்னிலையிலும் உதைக்கிறான். அரசன் வாளாவிருக்கிறான். கணவனாகிய தருமனும் அவையில் இருந்தும், அடையாளம் வெளிப்படுமே என்று அடங்கியிருக்கிறான். அன்றிரவு அவள் மடைப்பள்ளிக்குச் சென்று வீமனை எழுப்புகிறாள். மறுநாள் இரவு, நடன சாலைக்கு வருமாறு கீசகன் அழைக்கப்படுகிறான். இருளில் அவனுக்காகக் காத்திருந்தவன் வீமன். கீசகன் மாண்டபின் அவன் தம்பியர், இவளால்தானே அண்ணன் இறந்தான் என்று அவளையும் பிணத்தோடு எரிக்கக் கொண்டு செல்கின்றனர். வீமன் மரம் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு விரைந்து இரண்டாம் முறையும் அவளை மீட்கிறான்.

மேனாட்டு மீட்புக் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே புலப்படும். இங்கு இடர் வெளியிலிருந்து வரவில்லை. அவள் ஊழியம் செய்யும் வீட்டின் உள்ளேயே இருக்கிறது. தீங்கு செய்பவன் திருடனல்லன், பதவியில் இருப்பவன். அவளை அவன் மனைக்கு அனுப்புபவள் எசமானி. நீதி வழங்க வேண்டிய அவை கண்ணெதிரே நடந்ததைக் கண்டும் காணாதிருக்கிறது. மீட்பவன் குதிரையேறி வெளிப்படையாக விரைந்து வர இயலாது. அவனும் அந்த வீட்டு வேலைக்காரனே. ஆகவே மீட்பு இருளில் மறைவாக நடக்கிறது. உதவி வருமா என்ற கேள்வியோடு, உதவியவன் யாரென்று தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. வேலை செய்து பிழைக்கும் பெண்ணின் இடர் எத்தன்மையது என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறும் பழங்கதை அரிது.

பூனாவில் தோன்றிய பொருள்

இக்கதை வெறும் பொழுதுபோக்காக மட்டும் கொள்ளப்பட்டதன்று என்பதற்கு அக்காலத்திலேயே சான்று உண்டு. திலகரின் ‘கேசரி’ இதழோடு தொடர்புடைய காடில்கர் 1907இல் மராத்தியில் ‘கீசக வதம்’ என்றே ஒரு நாடகம் எழுதினார். அதில் கீசகன் கர்சான் பிரபுவையும், திரௌபதி பாரத நாட்டையும், பொறுமை பேசும் தருமன் மிதவாதிகளையும், வீமன் தீவிரவாதிகளையும் குறிப்பதாகப் பார்ப்போர் பொருள்கொண்டனர். அரசாங்கமும் அவ்வாறே பொருள்கொண்டு 1910இல் நாடகத்தைத் தடைசெய்தது.

நடராச முதலியாரின் படத்திற்கு அத்தகைய அரசியல் நோக்கம் இருந்ததாகக் கூறுவதற்கில்லை. படம் தடையின்றி எங்கும் காட்டப்பட்டது. சென்னை எல்பின்ஸ்டன் கொட்டகையிலும் ஓடியது. ஆயினும் ஒரு கதைக்குப் பொருள் அளிப்பவர் எழுதியவர் மட்டுமல்லர், பார்ப்பவரும் அளிக்கின்றனர். பூனாவில் கீசகன் ஓர் அரசப் பிரதிநிதியாகத் தோன்றினான் எனின், வேறிடங்களில் வேறு உருவத்தில் தோன்றுவதற்கும் இடமுண்டு.

கடல் கடந்த கதை

படம் மொத்தம் ரூ. 50,000 வருவாய் ஈட்டி, ரூ. 15,000 ஆதாயம் தந்தது என்று கூறுவர். இந்திய நகரங்களோடு பர்மா, இலங்கை, சிங்கப்பூர், ஐக்கிய மலாய் நாடுகள் ஆகியவற்றின் வசூலும் அதில் அடங்கும். தமிழர் குடியேறிய இடமெல்லாம் தமிழ் வாசகம் கொண்ட படத்திற்குச் சந்தை உண்டு என்பதை முதற்படமே காட்டிவிட்டது. தமிழ்ப் படங்களின் வெளிநாட்டு வாணிகம் பேசும்படக் காலத்தில் தொடங்கியதன்று, ஊமைப்படத்திலேயே தொடங்கியது.

அந்நாளைய மலாயாவின் நிலையை நோக்குதல் வேண்டும். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886இலேயே இரயில் ஓடத் தொடங்கியது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் கிள்ளானைச் சூழ்ந்த காப்பார், மேரு வட்டாரங்களில் காடழித்து இரப்பர் நட்டனர். பிரிக்பீல்ட்சில் இரயில்வேத் தொழிலாளரும், தோட்டங்களில் பால்மரம் வெட்டுவோருமாகத் தமிழர் பல்கினர். இந்தியருக்கான சஞ்சிக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டபின், கங்காணிகள் தத்தம் ஊர்களிலிருந்தே ஆள் சேர்த்து வந்தனர். வட ஆர்க்காடு, திருச்சி, தஞ்சை, சேலம் மாவட்டத்தார் இவ்வாறு வந்தவருள் மிகுதி. அவர்களோடு மாரியம்மனும் திரௌபதி அம்மனும் பாரதக் கதையும் வந்தன. சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் தீமிதி திரௌபதியின் பெயராலேயே நடைபெறுவது.

தோட்டத்து வாழ்வில் பெண்ணின் நிலை யாது? அவளும் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டவும் புல் வெட்டவும் சென்றாள். வேலை தருபவரும், கணக்கெழுதுபவரும், குடியிருக்கும் லயத்துக்கு உரியவரும் தோட்ட நிர்வாகமே. அங்கே அவளுக்குத் தீங்கு நேரின் முறையிட வேண்டிய இடமும் தீங்கு செய்தவன் இருக்கும் இடமும் ஒன்றாகவே இருக்கக்கூடும். விராட மன்னன் அரண்மனையில் வண்ணமகள் நின்ற நிலைக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

கிள்ளான், 1941

இது வெறும் ஒப்புமை அன்று என்பதற்குக் கிள்ளான் வட்டாரமே சான்று தருகிறது. 1941ஆம் ஆண்டின் முற்பாதியில் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். பத்திரிகையாளரான ஆர். எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தாரும் அதற்குத் தலைமை தாங்கினர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, தக்க மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றை வேண்டினர். துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற இழிவு நீங்கவேண்டும் என்றனர். அவற்றோடு, ஐரோப்பிய நிர்வாகிகளும் அவர்களைப் பின்பற்றி நடந்த அதிகாரிகளும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இடம்பெற்றது.

கீசக வதம் என்ற படமே இத்தொழிலாளரைத் தூண்டியது என்று சொன்னால் அது மிகையாகும். படம் வந்து சென்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஆயினும் அக்கதையில் வண்ணமகள் அவையில் நின்று கேட்ட நீதியும் கிள்ளான் கோரிக்கைத் தாள் கேட்ட நீதியும் ஒன்றே. வேறுபாடு மீட்பு முறையில் உள்ளது. கதையில் அவை மௌனம் சாதித்தது. ஆகவே தனியொருவனின் கைவலிமை இருளில் நீதி செய்தது. கிள்ளானில் மக்கள் இருளை நாடவில்லை. பெண்ணுக்கு நேர்ந்த இடரைப் பகல் வெளிச்சத்தில் எழுதி, எல்லாரும் கூடி, ஆள்வோரின் முன் வைத்தனர்.

அதற்குக் கிடைத்த விடை கடுமையாக இருந்தது. 1941 மே மாதம் நாதன் கைதுசெய்யப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது, சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். விராடன் அவை இம்முறை வாளாவிருக்கவில்லை, முறையிட்டவர்மீதே திரும்பியது. அவ்வாண்டின் இறுதியில் சப்பானியப் படையெடுப்பு வந்து அனைத்தையும் புரட்டிப் போட்டது. ஆயினும் பெண்ணின் மானத்தைக் கூலியோடும் கல்வியோடும் சேர்த்துத் தொழிலாளர் உரிமையாக எழுதிய அக்கோரிக்கைகள் வரலாற்றில் நிலைத்துவிட்டன.

எஞ்சி நிற்பது

நடராச முதலியார் தொடர்ந்து ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவகுசா’, ‘மார்க்கண்டேயா’ முதலிய படங்களை எடுத்தார். அவற்றுள் முதலாவது மீண்டும் திரௌபதிக்கு நேர்ந்த இடரையும் மீட்பையும் பற்றியதே. அவையோர் வாய்மூடி இருந்ததும் அக்கதையில் உண்டு. 1923 அளவில் நிலையத்தில் நேர்ந்த தீ விபத்தில் மகனை இழந்து அவர் படத்தொழிலையே துறந்தார். 1971இல் மறைந்தார். கீசக வதத்தின் ஒரு சுருள்கூட இன்று இல்லை.

ஆகவே ஜீவரத்தினம் திரௌபதியாக நின்று எவ்வாறு அழுதார், கீசகன் எவ்வாறு வீழ்ந்தான் என்பனவற்றை இனி எவரும் காண இயலாது. ஆனால் தொழிலின் தொடக்கத்திலேயே மங்கலமற்றது என்று உறவினர் அஞ்சிய கதையை ஒரு வணிகர் துணிந்து எடுத்தார் என்பதும், கடல் கடந்து வாழ்ந்த தமிழர் அதற்குக் காசு கொடுத்தனர் என்பதும் மறையவில்லை. வீட்டுக்கு வெளியே இருந்து வரும் திருடனைப் பற்றிய கதையை உலகம் எளிதில் சொல்லிக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயே அதிகாரத்தில் அமர்ந்திருப்பவனைப் பற்றிய கதையைச் சொல்லத் துணிவு வேண்டும். தென்னாட்டின் முதல் ஊமைப்படம் அதைச் சொன்னது. வாய்பேசாத அந்தப் படம் கூறியதைப் பின்னாளில் கிள்ளான் தோட்டத்து மக்கள் வாய்திறந்தே கேட்டனர்.